எந்தச் சாட்சி வந்தால் உடையும்?

போட்டித் தேர்வுகளின் தர்க்கப் பகுதியில் இந்த மாதிரி ஒரு கேள்வி அடிக்கடி வரும்.

கூற்று: ஹால் டிக்கெட் இல்லாத எவரும் தேர்வு அறைக்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள். கயல்விழியிடம் ஹால் டிக்கெட் இருக்கிறது.

முடிவு: கயல்விழி தேர்வு அறைக்குள் அனுமதிக்கப்படுவார்.

கூற்றிலிருந்து இந்த முடிவு பெறப்படுமா? ‘பெறப்படும்’ என்று கட்டத்தைக் கறுப்பாக்கத்தான் கை போகும். சரியான விடை ‘பெறப்படாது’. கயல்விழி நேரம் கடந்து வந்திருக்கலாம். அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு மையத்தின் வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது என்பதுதான் கூற்று. இருந்தால் போய்விடலாம் என்று அது எங்கும் உறுதி தரவில்லை.

ஒன்று இல்லாமல் இன்னொன்று நடக்கவே நடக்காது என்றால், முதலாவது அவசிய நிபந்தனை. ஒன்று இருந்தாலே மற்றது நடந்தே தீரும் என்றால், அது போதுமான நிபந்தனை. பாடப் புத்தகம் இவ்வளவுதான் சொல்கிறது, சரியாகவும் சொல்கிறது. ஆனாலும் இந்த வரையறைகளை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே தேர்வறையில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் எதை எழுத வேண்டும் என்று விதி வகுத்துக் கொடுக்கும் பயிற்சிக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பதற்றத்தில் முதலில் மறந்துபோவது அம்பின் திசைதான். அதைவிட உறுதியான பிடிமானம் ஒரு கேள்வியில் இருக்கிறது: எந்தச் சாட்சி வந்து நின்றால் இந்தக் கூற்று உடையும்?

‘இது போதும்’ என்று ஒருவர் சொன்னால், அதை உடைக்க வேண்டிய சாட்சி, நிபந்தனை இருந்தும் விளைவு கிடைக்காத ஆள். ‘இது அவசியம்’ என்று சொன்னால், நிபந்தனை இல்லாமலே விளைவைப் பெற்றுவிட்ட ஆள். இரண்டு கூற்றுகளுக்கும் சாட்சிகள் வேறு வேறு. ஹால் டிக்கெட் கூற்றைப் பொய்யாக்க, டிக்கெட் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்ட வேண்டும். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கும் கயல்விழியால் அந்தக் கூற்றுக்கு ஒரு கீறலும் விழாது. அவர் வெளியே நிற்பதும் கூற்றோடு ஒத்துப்போகிறது என்பதால்தான் ‘உள்ளே போவார்’ என்ற முடிவு பெறப்படவில்லை.

லீப் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ‘நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு’ என்று பலரும் பள்ளியிலிருந்து நினைவு வைத்திருக்கிறோம். ஜூலியன் நாட்காட்டியில் அது முழு உண்மை. நான்கால் வகுபடுவது அவசியமாகவும் இருந்தது, போதுமானதாகவும் இருந்தது. ஆனால் அந்த நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365.25 நாள் என்று கணக்குப் போட்டது. பருவங்கள் சுற்றி வரும் ஆண்டின் நீளமோ சுமார் 365.2422 நாள். இந்தச் சிறு வித்தியாசம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து, 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது பத்து நாட்களையே நீக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. கூடவே நூற்றாண்டுகளுக்கு ஒரு புது விதியும் வந்தது: நூறால் வகுபடும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு.

அந்தத் திருத்தத்தோடு நான்கால் வகுபடுவதன் தகுதி பாதியாகக் குறைந்துவிட்டது. ‘நான்கால் வகுபட்டாலே போதும்’ என்பதை உடைக்க 1900 வந்து நிற்கிறது. அது நான்கால் வகுபடும், ஆனால் லீப் ஆண்டில்லை. 2100-ம் அப்படித்தான் நிற்கப்போகிறது. ஆனால் நான்கால் வகுபடாத ஒரு லீப் ஆண்டைக் காட்டச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே அது அவசிய நிபந்தனை மட்டுமே. 400-ஆல் வகுபடுவதற்கு நேரெதிர் நிலை. 2000-ஐப் போல 400-ஆல் வகுபடும் எந்த ஆண்டும் லீப் ஆண்டுதான், ஆகவே போதுமானது. 2024-ஐப் பார்த்தால், 400-ஆல் வகுபடாமலே லீப் ஆண்டாக இருக்கிறது, ஆகவே அவசியமில்லை.

ஒரு சாட்சியைத் தேடிப் போவது இவ்வளவு எளிது என்றால், நாம் ஏன் தேடுவதில்லை? 1966-ல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். பகுத்தறியும் திறன் பற்றிய உளவியல் ஆய்வுகளில் இதைப் போல அலசப்பட்ட சோதனை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். மேஜை மேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை: ஈ, கே, 4, 7. விதி இது: ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால், மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்.’ இந்த விதி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

மேலே படிப்பதற்கு முன் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

பெரும்பாலோர் சொன்ன விடை ‘ஈ-யும் 4-ம்’, அல்லது ‘ஈ மட்டும்’. சரியான விடை ‘ஈ-யும் 7-ம்’. இந்த வடிவத்தில் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கேட்கப்பட்டவர்கள் படிப்பறிவில்லாதவர்களும் இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள்.

உயிரெழுத்து இருப்பது இரட்டைப்படை எண்ணுக்குப் போதுமானது என்பதுதான் விதி. அதை உடைக்கக்கூடிய சாட்சி எது? ஒரு பக்கம் உயிரெழுத்து, மறுபக்கம் ஒற்றைப்படை எண் உள்ள அட்டை. அப்படிப்பட்ட அட்டை எங்கே ஒளிந்திருக்க முடியும் என்று மட்டும் பாருங்கள். ஈ-யின் பின்னால் ஒற்றைப்படை எண் இருக்கலாம். 7-ன் பின்னால் உயிரெழுத்து இருக்கலாம். 4-ஐத் திருப்பினால் என்ன கிடைக்கும்? பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதியோடு ஒத்துப்போகிறது, மெய்யெழுத்து இருந்தாலும் ஒத்துப்போகிறது. உயிரெழுத்துக்கு இரட்டைப்படை எண் வேண்டும் என்றுதான் விதி கேட்கிறது, இரட்டைப்படை எண்ணுக்கு உயிரெழுத்து வேண்டும் என்று கேட்கவில்லை. 4-ஐத் திருப்புகிறவர், கூற்றுக்கு ஆதரவாகப் பேசும் சாட்சியைத் தேடுகிறார். 7-ஐத் திருப்புகிறவர், கூற்றைக் கவிழ்க்கக்கூடிய சாட்சியைத் தேடுகிறார்.

1982-ல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் இதே புதிருக்கு வேறு உடை மாட்டிப் பார்த்தார்கள். நீங்கள் ஒரு காவல்துறை அதிகாரி. விதி: ‘ஒருவர் பீர் குடித்தால், அவருக்கு 19 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.’ நான்கு அட்டைகள், நான்கு ஆட்கள்: பீர் குடிப்பவர், கோக் குடிப்பவர், 16 வயதுக்காரர், 22 வயதுக்காரர். யார் யாரை விசாரிக்க வேண்டும்? இப்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள்: பீர் குடிப்பவரின் வயதைப் பார்க்க வேண்டும், 16 வயதுக்காரரின் கோப்பையைப் பார்க்க வேண்டும். 22 வயதுக்காரர் என்ன குடித்தால் என்ன?

எழுத்துகளுக்குப் பதில் பானம், எண்களுக்குப் பதில் வயது. தர்க்கத்தின் எலும்புக்கூடு துளியும் மாறவில்லை. பீர் என்றால் ஈ, 16 வயது என்றால் 7. ஏன் இந்தத் தாவல் என்பதற்கு ஆய்வாளர்களிடையே ஒரே விளக்கம் இல்லை. அனுமதி, கட்டுப்பாடு போன்றவற்றுக்கு நம் மனதில் ஏற்கெனவே வார்ப்புகள் இருக்கின்றன என்றார்கள் பாட்ரிசியா செங்கும் கீத் ஹோலியோக்கும். சமூக ஒப்பந்தத்தில் ஏமாற்றுகிறவரைக் கண்டுபிடிக்கும் திறன் பரிணாமம் தந்தது என்றார் லீடா காஸ்மிடிஸ். எந்த விளக்கம் வென்றாலும் தேர்வு எழுதுபவருக்கு இதில் உடனடிப் பயன் உண்டு. விதியை மீறுபவரைப் பிடிப்பது நமக்கு வரும். அட்டை, எண், எழுத்து என்று வறட்டுச் சொற்களில் கேள்வி வந்தால், அதை ‘யார் விதியை மீறுகிறார்?’ என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

குழப்பத்தின் இன்னொரு வேர் நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘நீ ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்’ என்று அப்பா சொல்கிறார். ரேங்க் எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது பற்றி இந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் எடுக்காவிட்டால் சைக்கிள் கிடையாது என்று எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும், அப்பா நினைத்ததும் அதைத்தான். மைக்கேல் கைஸ், ஆர்னால்டு ஸ்விக்கி என்ற மொழியியலாளர்கள் 1971-ல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார்கள். ‘இப்படி என்றால் அப்படி’ என்ற வாக்கியம், ‘இப்படி இல்லையென்றால் அப்படி இல்லை’ என்ற முடிவையும் கூடவே அழைத்து வருகிறது என்பது அவர்கள் கருத்து. பேச்சில் இது பிழையே இல்லை. பேசுகிறவரின் உள்நோக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் திறமை. ஆனால் தேர்வுத் தாளில் பேசுகிறவர் என்று யாரும் இல்லை, வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. ‘மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகும். ஆட்டம் ரத்தானது. எனவே மழை பெய்தது’ என்ற முடிவு தவறாவது அதனால்தான். மின்விளக்கு எரியாமல்கூட ஆட்டம் நின்றிருக்கலாம்.

தமிழில் எழுதப்பட்ட கேள்வியைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘தான்’ என்ற சின்ன ஒட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ‘மழை பெய்தால்தான் ஆட்டம் ரத்தாகும்’ என்றால் மழை அவசியம். வேறெந்தக் காரணத்துக்கும் ஆட்டம் நிற்காது. ஆனால் மழை பெய்தாலும் ரத்தாகியே தீரும் என்று உறுதி இல்லை. ‘மழை பெய்தால் ஆட்டம் ரத்துதான்’ என்றால் மழை போதுமானது. ‘மட்டுமே’, ‘ஒழிய’, ‘இன்றி’, ‘இல்லாமல் முடியாது’ எல்லாம் அவசியத்தின் பக்கம். ‘பெய்தாலே’, ‘பெய்தாலே போதும்’, ‘பெய்யும்போதெல்லாம்’ எல்லாம் போதுமானதன் பக்கம். மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாள்களில் இந்தத் ‘தான்’ இடம் மாறியோ காணாமலோ போவதுண்டு. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வு போல, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் இடங்களில், தமிழ்வழியில் படித்தவர் மனதுக்குள்ளேயே மொழிபெயர்த்துக்கொண்டு இந்தப் பகுதியைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இது கூடுதல் சுமை. தர்க்கத் திறனைச் சோதிப்பதாகச் சொல்லும் தேர்வு அங்கே வேறு எதையோ சேர்த்துச் சோதிக்கிறது.

அந்தத் தேர்வின் அமைப்பே இந்தப் பாடத்துக்கு ஓர் உதாரணம். இரண்டாம் தாளான சிசாட் 2015 முதல் தகுதித் தாள் மட்டுமே. 200 மதிப்பெண்ணுக்கு 33 விழுக்காடு எடுத்தால்தான் முதல் தாளின் மதிப்பெண் கணக்கில் சேரும். 66 வாங்காதவருக்கு முதல் தாளில் எவ்வளவு வந்தும் பயனில்லை. 190 வாங்கியவரும் முதல் தாளில் கட்-ஆஃபைத் தொடாவிட்டால் வெளியேதான்.

சாட்சி தேடும் இந்த முறைக்குத் தமிழில் பழைய வேர் இருக்கிறது. மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பௌத்தத் தர்க்கம் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல என்பது அங்கே வரும் வாதத்தின் வடிவம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அதன் உறுப்புகளுக்குப் பெயரும் உண்டு. நம் சொற்களில் சொன்னால், புகை இருப்பது நெருப்பை முடிவுகட்டப் போதுமானது. அதே காதையில், இரண்டு பொருள்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கக் கண்டதை மட்டும் நம்பி ஊகிக்கக் கூடாது என்பதற்குக் கூரான ஓர் உதாரணம் வருகிறது. ஒருவன் ஓரிடத்தில் கழுதையையும் ஒரு கணிகையையும் சேர்த்துப் பார்த்தான். இன்னொரு நாள் கழுதையை மட்டும் கண்டு, ‘அப்படியானால் கணிகையும் இங்கே இருப்பாள்’ என்று முடிவுகட்டினால் அது செல்லுமா? செல்லாது. கூட இருந்தது வேறு, இல்லாமல் இருக்க முடியாது என்பது வேறு.

புகை வாதத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ‘நெருப்பு இருக்கிறது, எனவே புகை இருக்கும்.’ இந்தத் தலைகீழ் வாதத்தை உடைக்க, ‘நியாயம்’ என்ற இந்தியத் தர்க்க மரபினர் கொண்டுவந்து நிறுத்திய சாட்சி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. நெருப்பிலிருந்து புகையை ஊகிக்க முடியாமல் போவது ஏன்? இடையில் சொல்லாமல் விடப்பட்ட இன்னொரு நிபந்தனை இருக்கிறது, அது ஈர விறகு. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை வரும். இந்த மறைந்திருக்கும் நிபந்தனைக்கு ‘உபாதி’ என்று பெயர். அவசியமான ஒன்று போதுமானதாக வேண்டுமானால் அதோடு எது சேர வேண்டும் என்ற கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

வங்கித் தேர்விலும் மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்விலும் வரும் ‘டேட்டா சஃபிசியன்சி’ கேள்விகள் கேட்பதும் இதையே. ஒரு கேள்வி, இரண்டு தகவல்கள். எந்தத் தகவல் தனியாகப் போதும், எது போதாது, இரண்டும் சேர்ந்தால் போதுமா? இங்கே சாட்சி ஒரு ஜோடியாக வர வேண்டும். தகவலுக்குப் பொருந்தும் இரண்டு உதாரணங்கள் வேறு வேறு விடை தந்தால், அந்தத் தகவல் போதாது.

‘ஓர் எண் ஆறால் வகுபடுமா? தகவல் ஒன்று: அந்த எண் மூன்றால் வகுபடும். தகவல் இரண்டு: அந்த எண் நான்கால் வகுபடும்.’ முதல் தகவலுக்கு 9-ஐயும் 12-ஐயும் எடுங்கள். இரண்டும் மூன்றால் வகுபடுகின்றன. 9-க்கு விடை ‘இல்லை’, 12-க்கு ‘ஆம்’. போதாது. இரண்டாவது தகவலுக்கு 4-ஐயும் 12-ஐயும் எடுங்கள். மறுபடியும் இரண்டு விடை. போதாது. இரண்டும் சேர்ந்தால் அந்த எண் 12-ஆல் வகுபட்டே ஆக வேண்டும், ஆகவே ஆறாலும் வகுபடும். சேர்ந்தால் போதும். இதில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆறால் வகுபட நான்கால் வகுபடுவது தேவையே இல்லை, இரண்டால் வகுபட்டால் ஆயிற்று. 6, 18, 30 எல்லாம் அதற்குச் சாட்சி. தேவைக்கு மேல் தருகிற தகவலும் போதுமானதின் பகுதியாக இருக்கலாம்.

இரண்டாவது தகவலை ‘அந்த எண் ஒற்றைப்படை எண்’ என்று மாற்றிவிடுங்கள். பல பேர் இங்கே சறுக்குவார்கள். ஒற்றைப்படை எண் ஆறால் வகுபடவே படாது, ஆகவே விடை உறுதியாக ‘இல்லை’. விடை உறுதியாகத் தெரிந்துவிட்டது, ஆகவே அந்தத் தகவல் தனியாகவே போதும். ‘ஆம்’ என்று வந்தால்தான் போதும் என்று மனம் அடம்பிடிக்கும். கேள்வி கேட்பது விடையை முடிவுகட்ட முடியுமா என்பதை மட்டுமே. முதல் தகவலைப் படித்த சூட்டில் இரண்டாவதைப் பார்க்கும்போது முதலாவதை அறியாமலே சேர்த்துக்கொள்வதும் இதே அளவு பரவலான பிழை. ‘ஓர் எண்ணின் வர்க்கம் 25, அந்த எண் எது?’ என்றால் 5-ம், கழித்தல் 5-ம் ஆக இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். ‘அது நேர்ம எண்’ என்று முந்தின வரியில் படித்திருந்தால் ஒருவர் காணாமல் போய்விடுவார். இரண்டாவது தகவலைப் பார்க்கும்போது முதலாவதைக் கையால் மறைத்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் பலன் தரும்.

அனுமானங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘இந்த ஆண்டு கொசு மருந்து அடித்த பிறகு ஊரில் காய்ச்சல் குறைந்தது. எனவே அடுத்த ஆண்டும் இதே மருந்தை அடித்துக் காய்ச்சலைக் குறைக்கலாம்.’ இந்த வாதம் நிற்க எந்த அனுமானம் அவசியம்? ஒவ்வொரு விடைத் தெரிவையும் மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்தால் அது அவசியம். ‘அடுத்த ஆண்டுக் கொசுக்கள் இந்த மருந்துக்குப் பழகிப்போயிருக்காது’ என்பதை மறுத்தால் வாதம் விழுந்துவிடுகிறது. ‘காய்ச்சலைக் குறைக்க மருந்து அடிப்பதே ஒரே வழி’ என்பதை மறுத்தால் வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பலமாக ஒலிக்கும் இரண்டாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கை நீளும்.

அவசியமும் இல்லை, போதுமானதும் இல்லை என்ற வகையும் உண்டு. வாக்காளர் அடையாள அட்டை அப்படிப்பட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், தேர்தல் ஆணையம் ஏற்கும் ஆதார், பாஸ்போர்ட் போன்ற வேறொரு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை இருந்தும் வாக்களிக்க முடியாது. ‘அட்டைதான் இருக்கிறதே’ என்று பட்டியலைப் பார்க்காமல் இருந்துவிட்டு, வாக்குச்சாவடி வரை போய்த் திரும்பி வருகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கிறோம். அந்த நொடியில் தர்க்கப் பிழைக்கு ஒரு வாக்கு விலையாகப் போகிறது.

மருத்துவத்தில் இதன் விலை இன்னும் பெரிது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தக் கிருமி இல்லாமல் காசநோய் இல்லை, ஆகவே அது அவசியம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலுக்குள் அந்தக் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. மீதி அத்தனை பேரும், கிருமி மட்டும் போதாது என்பதற்கு நடமாடும் சாட்சிகள். ஈர விறகு எது என்ற கேள்வி இங்கே உயிர்காக்கும் கேள்வியாகிவிடுகிறது. ஊட்டச்சத்துக் குறைவு, நீரிழிவு, எச்ஐவி, புகையிலை, மது என்று நீள்கிறது பட்டியல். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் லான்செட் இதழில் வந்தது. சத்துணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. இந்தக் குறைவு கிருமியைக் கொல்லும் மருந்தால் வந்ததில்லை. போதுமான கூட்டுக்குள் இருந்த ஒரு துண்டை உருவியெடுத்தார்கள், அவ்வளவுதான். கிருமியைக் கண்டுபிடித்ததோடு காரணத்தைக் கண்டுபிடித்து முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தால் அரிசியும் பருப்பும் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஒரே நிபந்தனை அவசியமாகவும் போதுமானதாகவும் அமைவது அரிது. கணிதம் அதைத் தேடித் தேடிச் சேகரிக்கிறது. பகா எண்களின் கதையில் அந்தத் தேடல் எவ்வளவு கடினம் என்று தெரியும். 1640-ல் கணிதவியலாளர் பெர்மா ஒரு பண்பைச் சொன்னார்: ஓர் எண் இரண்டைத் தவிர்த்த பகா எண் என்றால், இரண்டை அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். பகா எண்ணாக இருக்க இது அவசியம். போதுமா? 341-ஐக் கூப்பிடுங்கள். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1024. மூன்று 341-கள் 1023. மீதி 1. பத்தாவது அடுக்கிலேயே மீதி 1 வந்துவிட்டதால், 340-வது அடுக்கிலும் 1-தான் வரும். சோதனையில் 341 தேறிவிட்டது. ஆனால் அது 11-ஐ 31-ஆல் பெருக்கினால் வருவது, பகா எண்ணே இல்லை.

இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்துச் சோதித்தால் 341 பிடிபட்டுவிடும். எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பிடிபடாத எண்கள் உண்டா? தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா எண்களையும் வைத்துச் சோதித்தாலும் தேறிவிடுகிற போலிகள் இருக்கின்றன. கார்மைக்கேல் எண்கள் என்று அவற்றுக்குப் பெயர். 561 அவற்றில் மிகச் சிறியது. மூன்றாவது சிறியது நமக்கு வேறொரு காரணத்துக்காக நன்றாகப் பழக்கமான எண். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ஹார்டியிடம் ராமானுஜன் சொன்ன 1729. ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது ஆகியவற்றின் பெருக்கல் அது. ஹார்டி வந்த டாக்சியின் எண்ணான அது, பெர்மா சோதனை பகா எண்ணாக இருக்கப் போதாது என்பதற்கும் சாட்சியாக நிற்கிறது.

அவசியமும் போதுமானதுமான ஒரு சோதனை வில்சன் தேற்றத்தில் வெகுகாலமாகவே இருந்தது. ஒன்று முதல், சோதிக்கும் எண்ணுக்கு முந்தைய எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். அது அந்த எண்ணால் வகுபட்டால் பகா எண், வகுபடாவிட்டால் இல்லை. ஏழுக்கு 721 வருகிறது, வகுபடும். ஆறுக்கு 121 வருகிறது, வகுபடாது. ஒரு போலியும் தப்பாது. ஆனால் நூறு இலக்க எண்ணுக்கு இந்தப் பெருக்கலை எந்தக் கணினியாலும் செய்து முடிக்க முடியாது. வேகமாகச் செய்யக்கூடியது அவசியமாக மட்டும் இருந்தது, இரண்டுமாக இருந்தது வேகமாகச் செய்ய முடியாததாக இருந்தது. எல்லா எண்களுக்கும் பொருந்தி, எதையும் ஊகித்து ஏற்றுக்கொள்ளாமல், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த சோதனையை 2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரிலிருந்து மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அறிவித்தார்கள். பெர்மா சொன்ன பண்பையே எண்களிலிருந்து பல்லுறுப்புக் கோவைகளுக்கு விரித்து, எந்தப் போலியும் நுழைய முடியாதபடி அதை இறுக்கியதுதான் அவர்கள் செய்த வேலை. நடைமுறையில் பெரிய பகா எண்களைத் தேடும் மென்பொருள்கள் இன்றும் மில்லர்–ராபின் போன்ற, அதைவிட வேகமான சோதனைகளையே நாடுகின்றன. அவை அவசியத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, போலி தப்பிச் செல்லும் வாய்ப்பை ஒவ்வொரு சுற்றிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குறைத்துக்கொண்டே வருகின்றன.